ஊற்றிய கையும் ஒப்புக்கொண்ட நாவும்

திருமுழுக்கு ஒருவருக்கு ஒருமுறைதான் என்பதில் கிறித்தவச் சபைகளுக்குள் பெரிய வேறுபாடு கிடையாது. எது அந்த ஒருமுறை என்பதில்தான் சண்டை. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் தலையில் பெற்றோரின் விசுவாசத்தை முன்னிட்டு ஊற்றிய தண்ணீர் போதும் என்கிறது ஒரு தரப்பு. திருமுழுக்கு கடவுள் தரும் கொடை, பெறுபவருக்கு அது புரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அவர்கள் வாதம். விவரம் தெரிந்து, மனந்திரும்பி, தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட்டவருக்கே திருமுழுக்கு உரியது என்கிறது மறுதரப்பு. அவர்களைப் பொறுத்தவரை குழந்தையின் தலையில் ஊற்றியது வெறும் தண்ணீர். முதல் தரப்பு ‘மறுமுழுக்கு’ என்று பழிப்பதை இரண்டாம் தரப்பு ‘முதல் முழுக்கு’ என்று கொண்டாடுகிறது. கத்தோலிக்கர் வழக்கில் திருமுழுக்கு, சீர்திருத்தச் சபையார் வழக்கில் ஞானஸ்நானம். பெயர் எதுவானாலும் பிணக்கு ஒன்றுதான்.

இந்தப் பிணக்கின் ஆவணங்களைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். ஆயர்களின் கடிதங்கள், சங்கங்களின் தீர்மானங்கள், பேரரசர்களின் ஆணைகள், விசாரணைக் குறிப்புகள். எழுதியவர்கள் ஏறக்குறைய எல்லாருமே ஆண்கள். ஆனால் வாதம் எங்கெல்லாம் முட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கெல்லாம் ஒரு பெண் நிற்கிறாள். அவளைச் சுற்றி இரண்டு கேள்விகள் எழுகின்றன. தண்ணீர் ஊற்றும் கை பெண்ணுடையதாக இருக்கலாமா? ‘விசுவாசிக்கிறேன்’ என்று சொல்லும் நா பெண்ணுடையதானால், அந்தச் சொல்லுக்கு அவளே சொந்தக்காரியா? இந்த இரண்டு கேள்விகளையும் பிடித்துக்கொண்டு இந்த வரலாற்றில் கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம் என்றுதான் இக்கட்டுரை.

தெக்லா குதித்த குளம்

இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘பவுலின் பணிகள்’ என்ற நூலில் தெக்லா என்ற இளம்பெண்ணின் கதை வருகிறது. இக்கோனியா ஊர்ப் பெண். நிச்சயிக்கப்பட்ட திருமணத்தை உதறிவிட்டுப் பவுலின் போதனையைப் பின்தொடர்கிறாள். தனக்குத் திருமுழுக்குத் தரும்படி அவரிடம் கேட்கிறாள். பொறுத்திரு, கிடைக்கும் என்கிறார் பவுல். பிறகு அந்தியோக்கியாவில் அவளைக் கொடிய விலங்குகளுக்கு இரையாக எறிகிறார்கள். அங்கே நீர் நிறைந்த ஒரு குளம் இருக்கிறது. இயேசுவின் பெயரைச் சொல்லித் தனக்குத் தானே திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டு அதில் குதித்துவிடுகிறாள் தெக்லா. பார்வையாளர் வரிசையில் இருந்த பெண்கள் அழுது குரல் கொடுக்கிறார்கள். அவள் பிழைத்துவிடுகிறாள்.

கதைதான். ஆனால் அந்தக் கதையைச் சான்றாகக் காட்டிப் பெண்கள் போதிக்கவும் திருமுழுக்குக் கொடுக்கவும் உரிமை கேட்டார்கள். அது நமக்குத் தெரிவதே அவர்களை எதிர்த்தவர் எழுதிவைத்ததால்தான். வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் ஏறக்குறைய 200ஆம் ஆண்டில் திருமுழுக்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். அதை எழுதத் தூண்டியதும் ஒரு பெண் போதகர்தான். திருமுழுக்கே வேண்டாம் என்று போதித்த அவளை அவர் பாம்பு என்கிறார். தெக்லாவின் கதை ஒரு மூப்பர் புனைந்தது, அதை வைத்துக்கொண்டு பெண்கள் உரிமை கோர முடியாது என்கிறார். குழந்தைகளுக்கு அவசரப்பட்டுத் திருமுழுக்குத் தர வேண்டாம் என்று சொன்ன பழைய குரலும் இவருடையதுதான். அதே மூச்சில், மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் கூடத் தள்ளிப்போடட்டும் என்கிறார். தனியாக இருப்பவர்கள் சோதனைக்கு உள்ளாவார்களாம். குழந்தைக்கு விவரம் போதாது. ஆண் துணையற்ற பெண்ணுக்கோ சுதந்திரம் கூடுதல். இரண்டுமே காத்திருக்கக் காரணங்கள் ஆகிவிட்டன.

அடுத்த அரை நூற்றாண்டில் மறுமுழுக்குச் சர்ச்சை முழு வேகத்தில் வெடித்தது. பிளவுபட்ட குழுக்களிடம் திருமுழுக்குப் பெற்றவர் திரும்பி வந்தால் மீண்டும் கொடுக்க வேண்டுமா? வேண்டாம், கைகளை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும் என்றார் ரோம ஆயர் ஸ்தேவான். கொடுத்தாக வேண்டும் என்றார் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான். 256இல் அவர் கூட்டிய சங்கத்தில் 87 ஆயர்கள் அவர் பக்கம் நின்றார்கள். அது மறுமுழுக்கே அல்ல, முன்னது திருமுழுக்காக இருந்தால்தானே இது ‘மறு’ ஆகும் என்பது அவர்கள் வாதம்.

சிப்ரியானுக்கு ஆதரவாகக் கப்பதோக்கியாவிலிருந்து ஆயர் பிர்மிலியான் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் ஒரு பெண் வருகிறாள், பெயர் இல்லாமல். இருபதாண்டுகளுக்கு முன், நிலநடுக்கங்களும் துன்புறுத்தலும் நிகழ்ந்த காலத்தில், தன்னைத் தீர்க்கதரிசி என்று சொல்லிக்கொண்டு அவள் தோன்றினாள். உறைபனியில் வெறுங்காலோடு நடந்தாள். நற்கருணை கொண்டாடினாள், பலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தாள். அவள் சடங்கில் ஒரு குறையும் இல்லை என்று பிர்மிலியானே ஒப்புக்கொள்கிறார். மூவொரு கடவுளின் பெயர் சொல்லப்பட்டது. வழக்கமான கேள்விகள் கேட்கப்பட்டன. பிறகு அவர் கேட்கிறார்: சொற்கள் சரியாக இருந்தாலே செல்லும் என்றால், ஸ்தேவானின் தரப்பு இவள் கொடுத்ததையும் ஏற்குமா?

அவர் கையில் அது எதிராளியின் வாயை அடைக்கும் துருப்புச்சீட்டு. ஒரு பெண் கொடுத்ததைப் போய் யாராவது ஏற்பார்களா என்பதுதான் அதன் பலம். அவள் கையால் முழுக்குப் பெற்றவர்கள் என்ன நினைத்தார்கள், அந்த ஆண்டுகளில் அவளைச் சுற்றி எப்படிப்பட்ட சபை இருந்தது என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. பேய் பிடித்தவள் என்ற தீர்ப்பு மட்டும் மிஞ்சியது.

பெண்ணின் கை முற்றிலும் விலக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வயது வந்தோர் ஆடையின்றி நீரில் இறங்கிய காலம் அது. மூன்றாம் நூற்றாண்டுச் சிரியாவில் எழுந்த ஒழுங்குநூல் ஒன்று, பெண்களின் உடலில் எண்ணெய் பூசவும் முழுக்குக்குப் பின் அவர்களுக்குக் கற்பிக்கவும் பெண் திருத்தொண்டர் வேண்டும் என்கிறது. அதே நூல், பெண் திருமுழுக்குக் கொடுப்பதை அனுமதிக்கவில்லை என்றும் சொல்கிறது. தொடலாம், பூசலாம், கற்பிக்கலாம். பெயர் சொல்லி முழுக்க மட்டும் கூடாது. குழந்தைத் திருமுழுக்கே பொதுவழக்கான பிறகு அந்தப் பணிக்கும் தேவை குறைந்தது. பெண் திருத்தொண்டர் என்ற பதவி மங்கியதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

மருத்துவச்சியின் நீர்க்குவளை

நாளடைவில் ரோமின் நிலைப்பாடே வென்றது. கொடுப்பவர் தகுதியற்றவரானாலும் திருமுழுக்குக் கிறிஸ்துவினுடையது, அதைத் திரும்பக் கொடுக்கலாகாது என்று தொனாத்துக் குழுவினருக்கு எதிராக வாதாடி அகுஸ்தீன் அதற்குக் கோட்பாடு அமைத்தார். பேரரசும் கைகொடுத்தது. 413ஆம் ஆண்டு ஆணையொன்று மறுமுழுக்குக்கு மரணதண்டனை விதித்தது; அது பின்னர் ஜஸ்டினியனின் சட்டத்தொகுப்பிலும் ஏறியது. இந்தச் சட்டம் ஆயிரம் ஆண்டு தூங்கி எழுந்து என்ன செய்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

யார் கொடுத்தாலும் செல்லும் என்ற கோட்பாடு பிர்மிலியான் பயந்த இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. திருமுழுக்கு இல்லாமல் இறக்கும் குழந்தைக்கு விண்ணகம் இல்லை, அர்ச்சிக்கப்பட்ட கல்லறை மண்ணும் இல்லை என்று சபை கற்பித்தது. பிரசவ அறையிலோ குரு இருப்பதில்லை, இருந்தவள் மருத்துவச்சி. ஆபத்து வேளையில் சாதாரண மனிதனோ ஒரு பெண்ணோ கூடத் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்று 1439இல் புளோரன்சு சங்கம் எழுதிவைத்தது. அதற்கு முன்பே இது வழக்கத்தில் இருந்தது. ஆண் பக்கத்தில் இருந்தால் பெண் செய்யக்கூடாது என்ற நிபந்தனையை அக்வினாஸ் சேர்த்திருந்தார். எப்படியிருந்தாலும், ஐரோப்பிய ஊர்களின் இருண்ட அறைகளில், உதிரத்தின் நடுவே, ஒரு பெண்ணின் கை சபையின் முதல் அருட்சாதனத்தை நிகழ்த்திக்கொண்டிருந்தது.

அதை நம்பியும் நம்பாமலும் இருந்தது சபை. மருத்துவச்சி பதற்றத்தில் சொற்களை மாற்றிச் சொல்லியிருந்தால்? அதற்காக ஒரு வாசகம் கண்டுபிடித்தார்கள்: நீ ஏற்கெனவே திருமுழுக்குப் பெறவில்லை என்றால், இப்போது தருகிறேன். நிபந்தனைத் திருமுழுக்கு என்று அதற்குப் பெயர். மீண்டும் கொடுப்பது பாவம், கொடுக்காமல் விடுவதும் ஆபத்து என்ற இக்கட்டிலிருந்து தப்பும் வழி. குருக்கள் விசாரிக்காமலேயே இதைக் கண்டபடி பயன்படுத்தியதைத் திரெந்து சங்கத்தின் மறைக்கல்வி நூல் கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தின் பின்னால் எனக்குத் தெரிவது, வெந்நீரும் கத்தரிக்கோலுமாக நின்றவளின் சாட்சியம் நம்பப்படாத எத்தனையோ காலைகள்.

தாய்மார்களின் துயரம் இந்தக் கோட்பாட்டை எங்கே கொண்டுபோனது என்பதற்குச் சுவிட்சர்லாந்தின் ஓபர்பூரன் சாட்சி. இறந்து பிறந்த குழந்தைகளை அங்கிருந்த மரியன்னை திருத்தலத்துக்கு எடுத்துவருவார்கள். இதற்கென்று அமர்த்தப்பட்ட பெண்கள் கரிக்கங்குகளுக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே குழந்தையைக் கிடத்திச் சூடேற்றுவார்கள். உதட்டின் மேல் ஒரு மெல்லிய இறகு. அது அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று பொருள். உடனே திருமுழுக்கு, அதன் பிறகு அடக்கம். 2,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிக் கொண்டுவரப்பட்டதாகக் கான்ஸ்டன்ஸ் ஆயர் 1486இல் ரோமுக்குப் புகார் எழுதினார். 1528இல் சீர்திருத்தத்துக்கு மாறிய பெர்ன் அரசு அந்தத் திருத்தலத்தை ஒழித்தது. 1990களின் அகழாய்வில் ஏறக்குறைய 250 சிசுக்களின் எலும்புகள் வெளிவந்தன. இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. குழந்தைக்கு இடமில்லை என்று ஆண்கள் எழுதிய சட்டத்தில், பெண்கள் ஓர் இறகின் அகலத்துக்கு ஓட்டை கண்டுபிடித்தார்கள்.

சீர்திருத்தம் வந்ததும் மருத்துவச்சியின் கை ஊருக்கு ஒரு விதமாக நடத்தப்பட்டது. லூத்தர் அதை அப்படியே வைத்துக்கொண்டார். கால்வின் விலக்கினார். விசுவாசிகளின் குழந்தை திருமுழுக்கு இன்றி இறந்தாலும் கடவுளின் உடன்படிக்கைக்குள்தான் இருக்கிறது, ஆகவே அவசரத்துக்கு அவசியமே இல்லை என்றார். தாய்மாரின் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் வாதம் இது. கூடவே, திருமுழுக்கு ஊழியருக்கே உரியது, பெண்ணுக்கு அது கூடாது என்று கதவையும் சாத்தினார். மோசேயின் மனைவி சிப்போராள் தன் மகனுக்குத் தானே விருத்தசேதனம் செய்ததை எதிர்வாதமாகக் கொண்டுவருவார்கள் என்று தெரிந்து, அது முன்மாதிரி ஆகாது என்றும் எழுதிவைத்தார். இங்கிலாந்தில் 1567இல் எலனார் பீட் என்ற மருத்துவச்சி கான்டர்பரி பேராயர் முன் சத்தியம் செய்து உரிமம் பெற்றார். ஆபத்து நேரத்தில் சரியான சொற்களோடு, பன்னீர் கலக்காத வெறும் தண்ணீரில் திருமுழுக்குக் கொடுப்பேன் என்பதும் அந்தச் சத்தியத்தில் அடக்கம். 1604இல் ஹாம்ப்டன் அரண்மனை மாநாட்டில் மன்னர் ஜேம்ஸ் அதை முடித்துவைத்தார். வீட்டில் கொடுப்பதானாலும் முறையான ஊழியரே கொடுக்க வேண்டும் என்று இறைவேண்டல் நூல் திருத்தப்பட்டது.

மூன்றாம் முழுக்கு

கை பறிபோய்க்கொண்டிருந்த அதே பதினாறாம் நூற்றாண்டில்தான் நா பேசத் தொடங்கியது.

1525 ஜனவரி 21 இரவு, சூரிச்சில் ஒரு வீட்டில் சிலர் கூடினார்கள். அது பெலிக்ஸ் மான்ஸின் தாய் வீடு என்பது வழக்கமான கருத்து. குழந்தைகளுக்கு எட்டு நாட்களுக்குள் திருமுழுக்குத் தராதவர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று நகர மன்றம் அப்போதுதான் ஆணையிட்டிருந்தது. அந்த இரவில் கான்ராட் கிரேபெல், ஜார்ஜ் பிளாவுராக்கின் வேண்டுகோளின்படி அவருக்குத் தண்ணீர் ஊற்றினார். பிளாவுராக் மற்றவர்களுக்கு ஊற்றினார். அனபாப்டிஸ்ட், அதாவது மறுமுழுக்கர் என்று எதிரிகள் பெயர் வைத்த இயக்கம் இப்படித் தொடங்கியது. 1526 மார்ச்சில் சூரிச் மன்றம் மறுமுழுக்குக் கொடுப்பவரை நீரில் மூழ்கடித்துக் கொல்லும்படி ஆணையிட்டது. 1527 ஜனவரி 5 அன்று மான்ஸை லிம்மாத் ஆற்றில் அமிழ்த்தினார்கள். கரையில் நின்ற அவர் தாய், உறுதியாக இரு என்று குரல் கொடுத்ததை, இயக்கத்தின் எதிரியான புல்லிங்கரே பதிவு செய்திருக்கிறார். நீரில் அமிழ்த்திக் கொல்வதை ‘மூன்றாம் முழுக்கு’ என்று ஆட்சியாளர்கள் ஏளனமாக அழைத்தார்கள்.

சூரிச்சை அடுத்த சொல்லிகோன் கிராமத்தைச் சேர்ந்த மார்கிரெட் ஹாட்டிங்கர், கிரேபெல், மான்ஸ் ஆகியோரோடு சிறையிலிருந்தவர். ஒருமுறை மறுத்துச் சொல்லி விடுதலை பெற்றார். ஆனால் 1530இல் வால்ட்சேயில் மீண்டும் பிடிபட்டபோது மறுக்கவில்லை. அவரை நீரில் அமிழ்த்தி, வெளியே எடுத்து, கடைசி வாய்ப்புக் கொடுத்தபோதும் மறுத்துவிட்டதாக அக்கால நாளாகமம் கூறுகிறது. தலைவர் மிக்கேல் சாட்லரை 1527 மே மாதம் எரித்த சில நாட்களில், முன்பு பெகின் துறவியாக இருந்த அவர் மனைவி மார்கரெத்தாவை நெக்கர் ஆற்றில் அமிழ்த்தினார்கள்.

1529இல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றம் பழைய ரோமச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. லூத்தர் பக்கத்து இளவரசர்கள் எதிர்ப்பு அறிக்கை கொடுத்து ‘புராட்டஸ்டன்ட்’ என்ற பெயர் பெற்றதும் இதே மன்றத்தில்தான். ஆனால் மறுமுழுக்கரைக் கொல்லும் விஷயத்தில் இரு தரப்புக்கும் பிணக்கு இல்லை. ஏப்ரல் 23 தேதியிட்ட ஆணை, மறுமுழுக்குக் கொடுத்தவரோ பெற்றவரோ, விவரம் தெரிந்த வயதுடைய ஆணோ பெண்ணோ, சபை நீதிபதியின் விசாரணையின்றியே கொல்லப்படலாம் என்றது. இந்த ஆணையில் நான் நின்று யோசித்த இடம், விவரம் தெரிந்த ஆணும் பெண்ணும் என்ற சொற்கள். சொத்திலும் திருமணத்திலும் தந்தைக்கோ கணவனுக்கோ கீழ்ப்பட்டவளாக எண்ணப்பட்ட பெண்ணின் சுயமுடிவை, அவளைக் கொல்ல வேண்டி வந்தபோது அரசு முழுமையாக அங்கீகரித்தது. கணவன் சொன்னதால் செய்தாள் என்ற பொதுச் சலுகை அந்த ஆணையில் இல்லை.

‘மறு’ என்ற சொல்லை ஏற்காதவள்

1549 ஜனவரியில் ஃப்ரீஸ்லாந்தின் லேயுவார்டன் நகரில் எலிசபெத் டிர்க்ஸ் கைதானார். சிறுவயதிலேயே கன்னியர் மடத்தில் விடப்பட்டு, அங்கே லத்தீன் கற்று, வேதாகமம் வாசித்து, மடத்தைவிட்டுத் தப்பியவர். வீட்டில் லத்தீன் புதிய ஏற்பாடு கிடைத்ததும், மென்னோ சைமன்ஸின் மனைவி சிக்கிவிட்டாள் என்று நினைத்தார்கள். கற்ற பெண் என்றால் யாரோ ஓர் ஆணின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும்.

அவரது விசாரணைக் குறிப்பு பிழைத்திருக்கிறது. அவர் சத்தியம் செய்ய மறுத்தார். தான் யாருக்கெல்லாம் கற்பித்தார் என்று சொல்ல மறுத்தார். எதற்காக மறுமுழுக்குப் பெற்றாய் என்று கேட்டார்கள். மறுமுழுக்குப் பெறவில்லை, என் விசுவாசத்தின்மேல் ஒரே ஒருமுறைதான் திருமுழுக்குப் பெற்றேன் என்ற பொருளில் பதில் சொன்னார். திருமுழுக்கு உன்னை மீட்கிறதா என்றபோது, கடலின் நீர் எல்லாம் சேர்ந்தாலும் மீட்காது, மீட்பு கிறிஸ்துவில் இருக்கிறது என்றார். விரல்களில் திருகாணி முறுக்கியபோதும், கால்களில் இரும்பு வைத்து நெரித்தபோதும் ஒரு பெயரைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. மார்ச் மாதம் சாக்கில் கட்டி நீரில் அமிழ்த்திக் கொன்றார்கள்.

87 ஆயர்கள் கார்த்தேஜ் சங்கத்தில் சொன்ன வாதத்தை, ஒரு மடத்திலிருந்து தப்பிய பெண் தனியாக நின்று சொல்லியிருக்கிறாள். வித்தியாசம் ஒன்றே. ஆயர்கள் மற்றவர்களின் முழுக்கைப் பற்றி முடிவு செய்தார்கள். எலிசபெத் தன் முழுக்கைப் பற்றிப் பேசினார். குழந்தையாக இருக்கும்போது என் பெயரில் யாரோ சொன்ன ஒப்புதல் என்னுடையது ஆகாது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். பெண்ணியம் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தந்தை, மடம், சபை எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்துவிட்ட ஒரு வாழ்க்கையில், தன்னிடம் நேராகக் கேட்கப்பட்ட முதல் கேள்விக்குத் தன் வாயால் சொன்ன விடையைத் திரும்பப் பெற அவர் மறுத்தார்.

1660இல் தீலெமன் வான் பிராக்ட் தொகுத்த ‘இரத்தசாட்சிகளின் கண்ணாடி’ என்ற பெருநூலில் இக்கால இரத்தசாட்சிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பெண்கள். ராட்டர்டாமில் 1539 ஜனவரி 24 அன்று கொல்லப்பட்ட அன்னா யான்ஸ், கொலைக்களத்துக்குப் போகும் வழியில் தன் 15 மாத மகனை யாராவது வளர்ப்பீர்களா என்று கூட்டத்திடம் கேட்டார். ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் உள்ள ரொட்டிக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டார். ஆன்ட்வெர்ப் சிறையில் பிள்ளை பெற்ற ஜான்னெகன் முன்ஸ்ட்டார்ப், மாதம் ஒன்றே ஆன மகளுக்கு, அவள் வளர்ந்தபின் வாசிக்கட்டும் என்று ஒரு நீண்ட கடிதம் எழுதிவைத்துவிட்டுச் செத்தார்.

அதே ஆன்ட்வெர்ப்பில் 1573 அக்டோபர் 6 அன்று மேக்கன் வென்ஸை எரித்தார்கள். கொத்தனார் ஒருவரின் மனைவி, பல பிள்ளைகளின் தாய். கொலைக்களத்தில் பேசிவிடக்கூடாது என்று அவர் நாக்கில் திருகாணி பூட்டினார்கள். 15 வயது மூத்த மகன் அட்ரியான், மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஒரு பலகைமேல் ஏறி நின்றான். தாயைக் கம்பத்தில் கட்டியதும் மயங்கி விழுந்தான். எல்லாம் முடிந்த பின் சாம்பலைக் கிளறி அந்தத் திருகாணியைத் தேடி எடுத்தான். 1685 பதிப்பில் யான் லூய்க்கன் அந்தக் காட்சியைச் செதுக்கினார்: தரையில் குனிந்து சாம்பலில் தேடும் பிள்ளைகள். ஒரு பெண்ணின் உடலை எரித்தால் மட்டும் போதாது, நாவையும் பூட்ட வேண்டும் என்று ஓர் அரசு எண்ணியது என்றால், அந்த நாவில் இருந்த சொல்லுக்கு என்ன மதிப்பு இருந்திருக்க வேண்டும்!

ஒப்புதலின் எல்லைகள்

இத்துடன் நிறுத்தினால் இது புனிதர் வரலாறாகிவிடும். மறுமுழுக்கரின் சபைகள் பெண்ணின் நாவை விடுவித்தன, கையை விடுவிக்கவில்லை. தண்ணீர் ஊற்றியவர்கள் ஆண் மூப்பர்கள். எலிசபெத் போலக் கற்பித்த பெண்கள் இருந்தார்கள், ஆனால் மூப்பர் பதவி அவர்களுக்கு எட்டவில்லை. மருத்துவச்சியின் அவசரத் திருமுழுக்குக்கும் அங்கே இடமில்லை, அதைக் கோரும் கோட்பாடே இல்லாததால்.

விசுவாசிகளின் திருமுழுக்கே கட்டாயமாக மாறிய ஊரும் உண்டு. 1534 பிப்ரவரியில் மறுமுழுக்கர் ஆட்சியைப் பிடித்த மூன்ஸ்டர் நகரில், முழுக்கை மறுத்தவர்கள் குளிர்காலத்தில் வெளியே துரத்தப்பட்டார்கள். ஜூலையில் யான் வான் லைடன் பலதார மணத்தைச் சட்டமாக்கினார். ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இருந்த அந்த முற்றுகை நகரில், பெண்கள் மணக்க மறுக்கும் உரிமையை இழந்தார்கள். அவரது மனைவியரில் ஒருவரான எலிசபெத் வாண்ட்ஷெரர் அவரை விட்டு விலக முனைந்தபோது, 1535 ஜூனில் அவர் தன் கையாலேயே அவர் தலையை வெட்டினார். வயது வந்தவரிடம் கேட்பதாலேயே அது ஒப்புதல் ஆகிவிடாது. மறுத்தால் என்ன நேரும் என்பதையும் சேர்த்துத்தான் ஒப்புதலை அளக்க வேண்டும்.

மூன்ஸ்டர் விதிவிலக்கு என்பார்கள். எம்டன் நகரில் நடந்தது அமைதிவழி மென்னோனைட்டுகளின் கதை. சபையால் விலக்கப்பட்டவரோடு உண்ணவும் பழகவும் கூடாது என்ற விதியைக் கணவன் மனைவிக்கும் நீட்டினார்கள். 1550களின் நடுவில் ஸ்வான் ரட்கர்ஸ் என்ற பெண்ணின் கணவர் விலக்கப்பட்டார். ஸ்வான் அவரைவிட்டுப் பிரிய மறுத்தார். அப்படியானால் அவரையும் விலக்க வேண்டும் என்று மூப்பர் லேனார்ட் பவுன்ஸ் நின்றார். மென்னோ 1556இல் அத்தகைய கட்டாயத்துக்கு எதிராக எழுதினார், ஆனால் சபையின் ஓட்டம் கடுமையின் பக்கமே சென்றது. ஸ்வான் சபைக்குச் சொன்ன ‘ஆம்’ அவருடையதுதான். பிறகு அதே ‘ஆம்’-ஐ ஆயுதமாக்கி அவரது திருமணத்துக்குள் சபை நுழைந்தபோது, ‘இல்லை’ என்றாரே, அதுவும் அவருடையதுதான்.

நம் பதிவேடுகளில்

இந்த வழக்குகளின் வாரிசுகள் நம்மூரிலும் இருக்கிறார்கள். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷன், மறுமுழுக்கரைக் கண்டனம் செய்யும் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையையும் தன் மரபில் கொண்டுவந்தது. அந்த மரபின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லூத்தரன் திருச்சபை உறுப்பினராக உள்ள லூத்தரன் உலகக் கூட்டமைப்பு, 2010 ஜூலையில் ஸ்டுட்கார்ட்டில் கூடி, அந்தத் துன்புறுத்தல்களுக்காக மென்னோனைட்டுகளிடம் மன்னிப்புக் கேட்டது.

தெர்த்துல்லியனின் நிழல் பாளையங்கோட்டையிலும் விழுந்தது. தஞ்சாவூரைச் சேர்ந்த மராத்தியப் பிராமணக் கைம்பெண் ஒருவர் லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார், அவரிடமிருந்தே கிறித்தவத்தைக் கற்றார். அவர் ஞானஸ்நானம் கேட்டபோது, மணமாகாமல் சேர்ந்து வாழ்வதைக் காட்டி மிஷனரி ஸ்வார்ட்ஸ் மறுத்தார். லிட்டில்டன் இறந்த பிறகே, 1778இல், ஞானஸ்நானம் கிடைத்தது. பெயர் கிளாரிந்தா. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலின் 40 பேரில் முதல் பெயர் அவருடையது. 1785இல் அவர் முயற்சியில் எழுந்த ஆலயத்தை மக்கள் இன்றும் ‘பாப்பாத்தி அம்மாள் கோவில்’ என்கிறார்கள். விசுவாசத்தைச் சொல்ல அவர் நா போதுமாக இருந்தது. அதைச் செல்லுபடியாக்க ஓர் ஆணின் சாவு தேவைப்பட்டது.

நம் காலத்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை வந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர், இந்துத் தந்தைக்கும் கிறித்தவத் தாய்க்கும் பிறந்தவர், அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். கிறித்தவரானால் அந்தச் சான்று இல்லை என்பது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. அவர் ஆலயத்துக்குச் சென்றுவருவதோடு, சில வார வயதில் பெற்ற திருமுழுக்கின் பதிவும் அவருக்கு எதிரான சான்றுகளில் ஒன்றாக நின்றது. கோரிக்கை மறுக்கப்பட்டது. தலித் கிறித்தவர்களின் உரிமை குறித்த பெரிய வழக்குகள் வேறு. இங்கே என் கேள்வி சின்னது. பேச்சு வராத வயதில் பிறர் சொன்ன ஒரு ‘ஆம்’, முப்பது வயதுப் பெண்ணின் சாதியையும் வேலையையும் எப்படித் தீர்மானிக்கிறது? எலிசபெத் டிர்க்ஸ் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

இன்று தமிழ்நாட்டில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் பலர், பிற்பாடு பெந்தெகொஸ்தே சபைகளில் ஆற்றிலோ தொட்டியிலோ மூழ்கி எழுகிறார்கள். பழைய சபை அதை மறுஞானஸ்நானம் என்று கண்டிக்கிறது. அந்தப் பெண்களிடம் பேசிப் பார்த்தால், எது இறையியல்படி சரி என்பதைவிட, அன்றைக்கு என்னிடம் கேட்டார்கள், நான் சொன்னேன் என்பதையே அழுத்திச் சொல்கிறார்கள். அவர்களைத் தண்ணீரில் முழுக்கும் பாஸ்டர் பெரும்பாலும் ஆண்தான். கத்தோலிக்கச் சட்டப்படி ஒரு பெண் இன்றும் திருமுழுக்கின் வழக்கமான ஊழியர் அல்ல; ஆபத்து வேளையிலோ, வழக்கமான ஊழியர் இல்லாதபோது ஆயர் நியமித்தாலோ மட்டுமே கொடுக்கலாம். தென்னிந்தியத் திருச்சபையில் பெண் குருமார் தொட்டியருகே நின்று குழந்தையைக் கையில் வாங்குகிறார்கள். கை ஒரு சபையில் கிடைக்கிறது, நா இன்னொரு சபையில். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே பெண்ணிடம் சேரும் சபைகள் இன்னும் சொற்பம். பிர்மிலியான் பெயர் சொல்லாமல் விட்ட அந்தப் பனிநிலத்துப் பெண்ணிடம் இரண்டும் இருந்தன.